வெளிநாடு போய் வீடு கட்டிக் கொடுப்பது: போகலாமா, பணத்தை அனுப்பினால் போதுமா?

6 ஜனவரி 2025. கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவரின் கேள்வி

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் டிசம்பர் 29 அன்று காலமானார் அல்லவா? தொண்ணூறு வயதுக்குப் பிறகும் சுத்தியலும் கையுமாக ஏழைகளுக்கு வீடு கட்டினார் என்று படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. நான் சிவில் டிப்ளமோ முடித்துக் கோவையில் வேலை செய்கிறேன். சேமிப்பு 60,000 ரூபாய். இரண்டு வாரம் விடுப்பு கிடைக்கும். நேபாளத்துக்கு அப்படிப் போகலாம் என்று நினைக்கிறேன். என் மேலாளரோ, “அதெல்லாம் புகைப்படம் எடுக்கப் போகிறவர்கள் வேலை. அந்தப் பணத்தை அனுப்பினால் நாலு வீட்டுக்குக் கதவு வரும்” என்கிறார். போய்வந்தவர்கள் யாராவது இங்கே உண்டா?

7 ஜனவரி 2025

நான் போயிருக்கிறேன். 2018 ஏப்ரலில், நேபாளத்தின் நுவாகோட் மாவட்டத்தில், பதினான்கு நாள் வேலை. ஒரு வீடு கட்டினோம்.

என் அப்பா கொத்தனார். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் அவர் கரண்டி படாத தெரு குறைவு. பள்ளி விடுமுறைகளில் அவருக்குச் சித்தாளாகப் போன காசில்தான் நான் படித்தேன். இன்று எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சாந்துச் சட்டி தூக்கத் தெரியும். செங்கல்லை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று தெரியும். தூக்குக்குண்டு ஆடி அடங்கும்வரை நூலைத் தொடாமல் நிற்கத் தெரியும். இத்தனையும் தெரிந்த என்னை அங்கே முதல் மூன்று நாள் கல் பொறுக்க வைத்தார்கள்.

அது சரியான முடிவு. நம்முடையது செங்கல் ஊர், அவர்களுடையது கல் ஊர். செங்கல் எல்லாம் ஒரே அளவு. கல்லுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒரு வால். கொத்தனாரை அங்கே டகர்மி என்கிறார்கள். அவர் ஒரு கல்லைக் கையில் இரண்டு முறை புரட்டுவார், மூன்றாம் முறை அது சுவரில் இருக்கும். நான் எடுத்துக் கொடுத்த கற்களில் பாதியைத் திரும்பக் கீழே போட்டார். நாங்கள் பொறுக்கியது இடிந்த பழைய வீட்டின் கற்களைத்தான். அவற்றின் நடுவே நசுங்கிய பித்தளைச் சொம்பு ஒன்று அகப்பட்டது. வீட்டுக்கார அம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்தார், ஒன்றும் பேசவில்லை.

அந்த வீடு விழுந்தது 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பு. நிலநடுக்கத்தின் அளவு 7.8. இறந்தவர்கள் சுமார் 9,000 பேர். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. அன்று பள்ளிகள் மூடியிருந்தன. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் காலியாகவே இடிந்தன. ஆசிரியராக எனக்கு அந்த ஒரு செய்தியைத் தாண்டிப் போக இன்றும் முடிவதில்லை.

தம்பிக்கு என் பதில்: போங்கள். ஆனால் சித்தாளாகப் போங்கள், பொறியாளராகப் போகாதீர்கள்.

ஐந்தாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

8 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். “ஒரு வீடு கட்டினோம்” என்றேன். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் போனபோது அஸ்திவாரம் முடிந்து, அடித்தளத்தைச் சுற்றிக் கான்கிரீட் பட்டையும் போட்டாகியிருந்தது. நாங்கள் திரும்பியபோது சன்னலின் அடிமட்டப் பட்டை முடிந்து அதற்கு மேல் நான்கு வரிசைக் கல் ஏறியிருந்தது. பன்னிரண்டு தன்னார்வலர்களும் இரண்டு கொத்தனார்களும் பதினான்கு நாளில் செய்தது அவ்வளவே. வீட்டைக் கட்டியவர்கள் எங்களுக்கு முன்பும் பின்பும் வந்தவர்கள். “கட்டினோம்” என்ற சொல்லை ஏழு ஆண்டாகக் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

8 ஜனவரி 2025, இரவு

அந்தப் பட்டை எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மண் சாந்தில் கட்டிய கற்சுவர் உண்மையில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சுவர். உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவே சில்லும் மண்ணும். நிலம் குலுங்கும்போது இரண்டும் பிரிந்து, வயிறு தள்ளி, சரிகின்றன. அதைத் தடுக்கச் சுவரின் முழுத் தடிமனுக்கும் ஊடே போகும் நீளக் கற்களை இடையிடையே வைக்க வேண்டும். அடித்தளம், சன்னல் அடி, சன்னல் தலை, கூரை என நான்கு மட்டங்களில் கான்கிரீட்டிலோ மரத்திலோ பட்டை சுற்ற வேண்டும். பானை வாயில் கயிறு கட்டுவதுபோல வீட்டை இடுப்பில் கட்டிவைப்பது. கல்லும் மண்ணும் பழையவைதான், கட்டும் முறைதான் புதிது.

11 ஜனவரி 2025

கோபாலபுரத்தைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஐயா, தம்பியின் மேலாளர் சொன்னதே சரி என்கிறார். 1998இல் மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுராஸில் நடந்ததை எடுத்துக்காட்டுகிறார். அங்கே வட அமெரிக்கத் தன்னார்வலர்கள் வந்து கட்டிய வீடு ஒன்றுக்குப் பயணச் செலவையும் சேர்த்து 30,000 டாலர் வரை ஆனது, உள்ளூர் அமைப்புகள் 2,000 டாலரில் கட்டின என்று கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் கணக்கிட்டார். ஐயா சொல்வதை மறுக்க மாட்டேன். என் கணக்கையும் வைக்கிறேன்.

எனக்கு ஆன மொத்தச் செலவு 41,000 ரூபாய். அங்கே கொத்தனாரின் அன்றைய கூலி 1,200 நேபாள ரூபாய். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்றுவிகிதத்தில் அது 750. ஆக நான் செலவழித்தது ஒரு கொத்தனாரின் ஏறத்தாழ 55 நாள் கூலி. நான் செய்தது பதினான்கு நாள் சித்தாள் வேலை, அதிலும் முதல் மூன்று நாள் அரைச் சித்தாள் வேலை. இப்படிப் பார்த்தால் ஐயா வென்றார்.

ஆனால் அந்த 41,000இல் 18,000 ரூபாய் கட்டட நிதிக்குப் போனது. சிமெண்டு, கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் அதிலிருந்துதான். மீதிதான் ரயில், பஸ், சாப்பாடு, எனக்குக் காலணி. நான் போகாமல் இருந்திருந்தால் 18,000ஐயாவது அனுப்பியிருப்பேனா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டேன். அனுப்பியிருக்க மாட்டேன். நகைச்சீட்டில் போட்டிருப்பேன். பெரும்பாலோர் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆளும் பணமும் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன.

தம்பி, அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள். உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி உண்டா? நீங்கள் வருவதால் எந்தச் சித்தாளின் வேலையாவது போகிறதா? நிலம் யார் பெயரில் இருக்கிறது? நீங்கள் யாருமே வராவிட்டாலும் அந்த வீடு முடியுமா? கடைசிக் கேள்விக்கு “முடியும், ஆனால் மெதுவாக” என்று சொல்லும் அமைப்போடு போங்கள். “நீங்கள்தான் எல்லாம்” என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

12 ஜனவரி 2025

கார்ட்டர் பற்றி. அவர் எந்த அமைப்போடு சேர்ந்து வீடு கட்டினாரோ, அதைத் தொடங்கியவர் அவர் அல்ல. ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அந்த அமைப்பை 1976இல் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்னும் சிற்றூரில் தொடங்கியவர்கள் மில்லர்டு ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும். கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் 1984இல் நியூயார்க்கில் சேர்ந்துகொண்டார்கள். இந்தியாவில் அந்த அமைப்பின் வேலை 1983இல் கம்மத்தில், அன்றைய ஆந்திரத்தில் தொடங்கியது. 2006 அக்டோபரில் கார்ட்டரே மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவுக்கு அருகில் மாலவலியில் நூறு வீடுகள் கட்டும் வேலைக்கு வந்திருந்தார். 2019இல், 95 வயதில், விழுந்து நெற்றியில் 14 தையல் போட்டுக்கொண்டு, நாஷ்வில்லில் வீடு கட்டும் இடத்துக்கு வந்து நின்றார். அவர் தச்சு வேலையில் தேர்ந்தவர் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

இன்னொன்று. அந்த அமைப்பின் மூலக் கொள்கைப்படி வீடு இலவசம் இல்லை. குடும்பம் தன் உடலுழைப்பைப் போட வேண்டும், வட்டியில்லாத தவணையில் பணத்தைத் திருப்ப வேண்டும், அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற கோடு அழிய அவர்கள் கண்ட வழி அது. எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு.

19 ஜனவரி 2025

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

நுவாகோட்டில் அந்த வீட்டின் மூத்த மகன் ஊரில் இல்லை. கத்தாரில் கட்டட வேலை. வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் அவன் படத்தைக் காட்டினார். மஞ்சள் தலைக்கவசம், பின்னால் சாரம் கட்டிய உயரமான கட்டடம். அந்தத் தெருவில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஆண்களே அநேகமாக இல்லை. எல்லாரும் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருந்தார்கள். நிலநடுக்கத்தில் சிதைந்த லட்சக்கணக்கான வீடுகளைத் திரும்பக் கட்ட வேண்டிய நேரத்தில் அந்த நாட்டின் கட்டுகிற கைகள் வேறு நாடுகளில் கட்டிக்கொண்டிருந்தன. கொத்தனாருக்கு அத்தனை தட்டுப்பாடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு உடனே என் சித்தப்பா நினைவு வந்தது. இருபத்திரண்டு ஆண்டு ஷார்ஜாவில் சென்ட்ரிங் வேலை. அவர் கடனை அடைத்து, தங்கையைக் கட்டிக் கொடுத்து, தனக்கென்று வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது ஊரில் வேலைக்கு ஆள் இல்லை. அதைக் கட்டி முடித்தவர்கள் மால்டாவிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் வந்த வங்காளத்துப் பையன்கள். கேரளத்தில் அவர்களை அதிதித் தொழிலாளிகள் என்கிறோம், விருந்தினர் என்று பொருள். அந்தப் பையன்களின் வீடுகளை அங்கே யார் கட்டுகிறார்களோ.

வெளிநாடு போய் வீடு கட்டுவது என்று நாம் இங்கே ஏதோ புதுச் செயல்போலப் பேசுகிறோம். நம் பக்கத்து ஆட்கள் ஐம்பது ஆண்டாக அதைத்தான் செய்கிறார்கள். என் சித்தப்பா விசாவுக்குக் கடன் வாங்கிப் போனார். நான் சேமிப்பில் டிக்கெட் வாங்கிப் போனேன். அந்த மகன் கூலிக்கு அங்கே கல் சுமக்க, நான் புண்ணியத்துக்கு இங்கே அவன் வீட்டுக் கல்லைச் சுமந்தேன். அந்த அம்மா என்னிடம் ஒரு நாள் கேட்டார்: “உனக்கு இதற்குக் கூலி தருகிறார்கள்தானே?” இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். அன்று மாலை எனக்கு மட்டும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அது இரக்கம். கூலி இல்லாமல் வேலை வாங்கப்படுகிற பெண் என்று என்னைப் பார்த்து அவர் இரங்கினார்.

2 பிப்ரவரி 2025

தண்ணீர். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கான்கிரீட் பட்டை போட்டால் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். சணல் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருப்போம். அப்பா வேலைக்கிடையில் என்னைக் கேட்கும் ஒரே கேள்வி, “தண்ணி காட்டினியா?” என்பதுதான். அங்கே சன்னல் பட்டை போட்ட மறுநாள் பார்க்கிறேன், சாக்கு காய்ந்து விறைத்திருக்கிறது. குழாய் நாற்பது நிமிட ஏற்றத்துக்குக் கீழே. அந்த வீட்டின் பதினோரு வயதுப் பெண் செம்புக் குடத்தைக் கூடையில் வைத்து, நாம்லோ என்கிற பட்டையை நெற்றியில் மாட்டி, ஒரு நாளைக்கு எட்டு நடை நடக்கிறாள். அதில் ஐந்து நடைத் தண்ணீர் யாருக்கு? நாங்கள் பன்னிரண்டு பேர் குளிப்பதற்கு.

நான்கு நாள் குளித்திருக்கிறோம். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, விருந்தினரிடம் எப்படிச் சொல்வார்கள். நான் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வலிக்கிறது, சித்தூரில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்று வளர்ந்தவள் நான். ஆழியாற்றுத் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது எங்கள் வீட்டில் தினமும் பேசுகிற பேச்சு.

அன்றே நிறுத்தினோம். நாங்களே முறை வைத்துத் தண்ணீர் சுமந்தோம். என் கணிப்பில், பதினான்கு நாளில் நாங்கள் செய்த மிக உருப்படியான வேலை அந்தப் பட்டைக்கு ஆறு நாள் தண்ணீர் காட்டியதுதான். அந்தப் பெண் மீண்டும் பள்ளிக்குப் போனாள். இதற்கு முன் ஏன் போகவில்லை என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

3 பிப்ரவரி 2025

அப்புறம் குளிக்கவே இல்லையா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். சனிக்கிழமை கீழே ஆற்றுக்குப் போனோம். பனி உருகிய தண்ணீர். எங்களில் ஒருவர் போட்ட சத்தம் மலை முழுக்கக் கேட்டது, அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு வாரம் அதேபோலக் கத்திக் காட்டினார்கள்.

16 பிப்ரவரி 2025

இலவசமாகக் கிடைக்கிற வீட்டுக்கு யோசனை சொல்ல வாங்குகிறவருக்கு என்ன உரிமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அம்மாயியின் வீடு லட்சம் வீடு. 1972இல் கேரளத்தில் வீட்டுவசதி அமைச்சராக இருந்த எம்.என்.கோவிந்தன் நாயர் கொண்டுவந்த திட்டம். வீடில்லாத ஒரு லட்சம் குடும்பங்களுக்கு வீடு என்பது இலக்கு. அரசுப் பணத்தோடு ஊராரின் நன்கொடையும் உடலுழைப்பும் சேர்ந்த வேலை அது. அம்மாயியும் மண் சுமந்திருக்கிறார். பெரிய செயல், அதில் எனக்கு ஐயம் இல்லை. அதற்கு முன் எங்கள் ஆட்கள் பண்ணைக்காரர் நிலத்தில் ஓலைக் குடிசையில் இருந்தவர்கள். “போ” என்றால் போக வேண்டியவர்கள்.

ஆனால் செலவைக் குறைக்க ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் வைத்தார்கள். நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கத்துத் தாத்தாவின் இருமல் எங்கள் பக்கத்தில்தான் கேட்கும். எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்கு மனப்பாடம். நடுச்சுவர் விரிந்தபோது அது யாருடைய சுவர் என்று தெரியவில்லை. ஒருவர் கூரையை உயர்த்தினால் மற்றவர் பக்கம் ஒழுகும். அந்தச் சுவரால் பேச்சு நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். பின்னாளில் இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக்க அரசே பணம் ஒதுக்க வேண்டி வந்தது. அம்மாயியை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், “திண்ணை வேண்டாம், சன்னல் வேண்டாம், சுவர் மட்டும் தனியாகக் கொடுங்கள்” என்று சொல்லியிருப்பார்.

நுவாகோட்டிலும் அதைத்தான் கண்டேன். அங்கே பழைய வீடுகளுக்கு மேலே ஒரு மாடியும் அதற்கு மேல் பரணும் உண்டு. தானியம் அங்கேதான். நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசு மூன்று லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தது. ஒப்பந்தம் போட்டதும் 50,000, அடித்தளம் முடிந்து சோதித்ததும் ஒன்றரை லட்சம், சுவர் முடிந்ததும் ஒரு லட்சம். அந்தப் பணத்துக்குள் முடிக்கப் பலர் ஒற்றைத் தள வீடாகச் சுருக்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வரைபடத்திலும் இரண்டு அறை, தகரக் கூரை, அவ்வளவே. வீட்டுக்கார அம்மா வரைபடத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: “மக்காச்சோளத்தை எங்கே வைப்பது?” பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில் தேடும் கடமை நமக்கு உண்டு.

9 மார்ச் 2025

இந்தப் பேச்சில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை யாரும் சொல்லவில்லையே. 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்கு இந்தியா வந்தவர். பித்தோராகரில் 16 ஆண்டு இருந்தார். அது நேபாள எல்லை மாவட்டம், காளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேபாளம். இங்கிலாந்தில் படித்த கட்டடக்கலை அங்கே உதவவில்லை என்று உணர்ந்து, மலைக் கொத்தனார்கள் கல்லையும் மண்ணையும் கையாளும் விதத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். அதற்குப் பிறகுதான் கேரளம், திருவனந்தபுரம், நாம் அறிந்த அந்த வீடுகள் எல்லாம். 2007இல் அங்கேயே இறந்தார்.

அப்பா ‘எலிப்பொறிக் கட்டு’ கட்டுவார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், உள்ளே வெயிலும் குறைவாக இறங்கும். பேக்கர் பரப்பிய முறை. வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டியவர் என்றால் எனக்கு அவர்தான். பதினாறு ஆண்டு பார்த்துக் கற்றுக்கொண்டவர். நாம் பதினான்கு நாளில் என்ன கற்க முடியும் என்பதற்கும் அதுவே அளவுகோல்.

10 மார்ச் 2025

கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பெண்கள் போகலாம், எங்கள் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் பெண்கள். இந்தியருக்கு விசா வேண்டாம். கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரை நம்பிப் போகாதீர்கள். ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் பாலக்காட்டிலும் கோவையிலும் நின்று கோரக்பூர் போகிறது, அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ். பணத்தை நூறு ரூபாய்த் தாளாகக் கொண்டுபோங்கள். எல்லை தாண்டினால் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே வையுங்கள். நான் வைக்கவில்லை, முதல் நாள் வேலைக்குத் தாமதமாகப் போய் நின்றேன்.

14 ஏப்ரல் 2025

இன்று சித்திரை முதல் நாள். எதிர்வீட்டில் விஷுக் கணி. 2018இல் இதே நாளில் நான் அங்கே இருந்தேன், அவர்களுக்கும் அன்று புத்தாண்டு, 2075 பிறந்தது. வேலை இல்லை. எனக்குத் தாங்க முடியாத வீட்டு நினைவு. வேப்பம்பூ இல்லாத வருடப் பிறப்பு எனக்கு அதுதான் முதல் தடவை. கொத்தனாரிடம் சைகையால் சொன்னேன். அவர் ஏதோ ஒரு கசப்புக் கீரையைப் பறித்துவந்து கொடுத்தார். அங்கே அண்ணனைத் ‘தாய்’ என்று அழைக்கிறார்கள். அறுபது வயது மனிதரை நான் நாள் முழுக்கத் தாய், தாய் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

4 மே 2025

கோபாலபுரத்து ஐயா மறுபடியும் எழுதியிருக்கிறார். “உங்கள் வேலந்தாவளத்திலேயே பாதி கட்டிய வீடு எத்தனை இருக்கிறது, அதைவிட்டு நேபாளம் ஏன்?” நல்ல கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை.

இருக்கின்றன. எங்கள் சாலையின் இந்தப் பக்கம் கேரளத்தின் லைஃப் திட்டம், வீட்டுக்கு நான்கு லட்சம். அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம். அக்கா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் கட்டிக்கொடுக்கப்பட்ட குடும்பங்களில் இரண்டு வீடும் ஒரே மாதிரி நிற்கின்றன. கூரை போட்டாயிற்று, பூச்சு இல்லை, தரை இல்லை, கடன் உண்டு. எம்சாண்டு விலை ஏறினால் எந்த அரசின் வீடும் அங்கேயே நின்றுவிடும்.

2018 ஆகஸ்டில் கல்பாத்திப் புழை பெருகி வீடுகளுக்குள் சேறு புகுந்தபோது, நேபாளத்தில் பழகிய கை என்று நாங்கள் நாலு பேர் மண்வெட்டியோடு போனோம். அதிலிருந்து மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூச்சு வேலைக்குப் போகிறோம். ஆகவே உள்ளூர் வேலையை நான் விடவில்லை, ஐயா.

ஆனால் உள்ளூரில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே நான் டீச்சர். மணல் சட்டியைத் தூக்கினால் நாலு பேர் ஓடிவந்து பிடுங்குகிறார்கள். நாற்காலி போடுகிறார்கள். வீட்டுக்காரம்மா எழுந்து நிற்கிறார், அவர் பேரன் என் வகுப்பில் படிக்கிறான். அங்கே எனக்குப் பெயர் இல்லை, சாதி இல்லை, வேலை இல்லை, மொழியும் இல்லை. கொத்தனார் ‘பஹினி’ என்று கூப்பிட்டுக் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். தங்கையே, இது வேண்டாம், வேறு எடு. இருபத்தைந்து ஆண்டு அடுத்தவர் தவறைத் திருத்திச் சம்பளம் வாங்கியவளுக்கு அது எவ்வளவு தேவையாக இருந்தது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இங்கே இப்போது நாற்காலி போட்டால் அதில் சிமெண்டு மூட்டையை வைத்துவிடுகிறேன்.

இதற்காக அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, அந்த வீட்டை என் பள்ளிக்கூடமாக்கலாமா என்று கேட்டால், பிப்ரவரியில் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு மௌனமாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

18 மே 2025

ஐந்தாம் நாள் செய்த தவறு.

கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் ரசமட்டம் ஒன்று இருந்தது. இளவயதில் டில்லியில் கட்டட வேலை செய்தபோது முதல் கூலியில் வாங்கியது, ஓர் அடி நீளம், பித்தளை ஓரம். வேலை முடிந்ததும் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். நான் அதை அவரிடம் எடுத்துக் கொடுக்கப் போய், கையில் மண் ஈரம், நழுவிக் கல்மேல் விழுந்தது. கண்ணாடிக் குழல் உடைந்து உள்ளிருந்த திரவம் கல்லில் ஓடியது.

அவர் அதை எடுத்துத் துடைத்து, வழக்கம்போலத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். ஒரு சொல் இல்லை. மறுநாள் ஒரு நீளமான ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு முனையை நானும் மறு முனையை அவரும் பிடித்து மட்டம் பார்த்தோம். அதில் பிழை வராது, ஆனால் இரண்டு ஆள் வேண்டும். “ஊருக்குப் போனதும் புதிது அனுப்புகிறேன், தாய்” என்றேன். தலையசைத்தார். ஏழு ஆண்டு ஆயிற்று. முதலில் முகவரி சரியாகத் தெரியவில்லை, பிறகு வெள்ளம், பிறகு கொரோனா, பிறகு வெட்கம்.

8 ஜூன் 2025

கொழிஞ்சாம்பாறைத் தம்பி முடிவு செய்துவிட்டார். மழை முடிந்து அக்டோபரில் போகிறார், நுவாகோட்டுக்குப் பக்கத்திலேயே தாதிங் மாவட்டத்துக்கு. அமைப்பிடம் என் கேள்விகளை எல்லாம் கேட்டிருக்கிறார். கொத்தனார் கூலிக்கு ரசீது காட்டினார்களாம். வீட்டு வரைபடத்தில் பரண் இருக்கிறதா என்றும் கேட்டாராம், அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

தம்பி, சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறை. தாதிங்கிலிருந்து அந்த ஊருக்குப் போய்வர ஒரு நாள் போதும். வழியை நோட்டிலிருந்து எழுதித் தருகிறேன். குழாய்க்குக் கீழே இடப்பக்கம் மூன்றாவது வீடு கொத்தனாருடையது. நாங்கள் வேலை செய்த வீட்டில் வடக்குச் சுவரின் சன்னல் மூலையைப் பாருங்கள், பட்டைக்கு அடியில் விரிசல் ஏதும் ஓடியிருந்தால் எனக்கு எழுதுங்கள். முதல் நாள் அந்தப் பட்டை காய்ந்துகிடந்தது அங்கேதான். மக்காச்சோளத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பொள்ளாச்சியில் நேற்று ரசமட்டம் வாங்கிவிட்டேன், ஓர் அடிதான். பித்தளை ஓரம் வைத்தது இப்போது வருவதில்லை. கண்ணாடிப் பகுதியைப் பஞ்சு வைத்துச் சுற்றியிருக்கிறேன், பையின் அடியில் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.